தராசிலிருந்து அலமாரிக்கு

(இராயபுரத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'பழம்பொருள் கடையில் காட்சி அலங்காரம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் வீட்டில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, மூக்கில் தூசி ஏறித் தும்மிக்கொண்டே நான் செய்கிற வேலைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் அப்பா வைத்திருந்தது காயலான் கடை. காயல்பட்டினத்துக்காரர்கள் சென்னையில் பழைய இரும்பு வாங்கி விற்ற காலத்தில் வந்த பெயர் என்று சொல்வார்கள். நான் வைத்திருப்பது, போர்டில் எழுதியிருக்கிறபடி, 'ஆன்டிக்' கடை. கட்டடம் அதேதான், ஷட்டரும் அதேதான். அப்பா எடை போட்டார், நான் எண்ணுகிறேன். மாறியது அவ்வளவுதான். ஒரு பித்தளைச் சொம்பு தராசில் ஏறினால் அது பித்தளை. அலமாரியில் ஏறினால் அது சொம்பு. இன்றைக்கு ஒரு மணி நேரம் நான் பேசப்போவது எல்லாம் அந்தத் தராசுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் இருக்கிற நாலடி தூரத்தைப் பற்றித்தான்.

சாமான்களை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது தற்செயலாகத் தெரிந்தது. ஒரு கூஜா, மூடியில் சின்ன நசுங்கல், இரண்டு வருஷமாக ஒரே ரேக்கில் கிடந்தது. ஆள் அடிக்க வருகிறார் என்று எடுத்து வாசல் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். மறுநாள் காலையில் வாராவாரம் வருகிற ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து, "நேத்து வந்த சரக்கா?" என்றார். போணியே அதுதான். அந்த மனிதர் அந்தக் கூஜாவைக் குறைந்தது ஐம்பது தடவை கடந்து போயிருப்பார். பார்த்துப் பழகிய இடத்தில் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் என்ன சாமி படம் என்று இப்போதே கேட்டால் உங்களில் பாதிப் பேர் யோசிப்பீர்கள்.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்பக்கம் மாறும். ஆயுத பூஜைக்கு மொத்தக் கடையும் தெருவுக்கு வந்துவிட்டு உள்ளே போகும். (ஆயுத பூஜை அன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஆர்வத்தில், வெள்ளை எனாமல் கேரியர் ஒன்றின் மேல் குங்குமம் ஊறி இன்றைக்கும் போகவில்லை. இப்போது கல்லாவுக்கும் தராசுக்கும் மட்டும் வைக்கிறோம்.)

கடையில் பொருளைக் காட்சியாக வைப்பதைப் பற்றித் தனியாகப் பத்திரிகையே நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1897இல் 'தி ஷோ விண்டோ' என்று ஒன்று தொடங்கியது. அதன் ஆசிரியர் ஃபிராங்க் பாம். கடை ஜன்னலை அலங்கரிப்பது பற்றி 1900இல் ஒரு புத்தகமும் போட்டார். அதே 1900இல் அவர் எழுதிய இன்னொரு புத்தகத்தைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது: ஓஸ் மந்திரவாதியின் கதை. கடை ஜன்னலுக்கு ஆள் சேர்த்தவர் குழந்தைகளுக்குக் கதை சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டுக்கும் அடுத்தது என்ன என்ற ஆவலை உண்டாக்கத் தெரிய வேண்டும்.

ஆனால் இதற்குச் சிகாகோ வரை போக வேண்டியதில்லை. கொலு வைக்கிற ஊர் இது. பழைய பெட்டியைத் திறந்து, போன வருஷத்துத் துணியில் சுற்றிய பொம்மையைப் பிரித்து, மரப்பாச்சியைத் துடைத்து, கொசப்பேட்டையில் புதிதாக ஒரு பொம்மையாவது வாங்கி, படிகளில் அடுக்கி, ஒன்பது நாளில் எடுத்துவிடுகிறோம். 'எடுத்துவிடுகிறோம்' என்பதுதான் இதில் முக்கியம். அதே செட்டியாரும் செட்டிச்சியும் வருஷம் முழுக்கப் படியில் உட்கார்ந்திருந்தால் யாராவது வெற்றிலை பாக்குக்கு வருவார்களா? எங்கள் கடையில் முன் அலமாரிக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே 'படி'. "படியை மாத்தணும்" என்றால் பையன்களுக்குப் புரியும்.

சரி, மாற்றுவது என்றால் எதன்படி மாற்றுவது? முதலில் நானும் எல்லாரையும் போலப் பித்தளையைப் பித்தளையோடு, மரத்தை மரத்தோடு வைத்தேன். யோசித்தால் அது காயலான் கடைக்காரன் புத்தி. அப்பாவின் கடையில் செம்பு ஒரு மூலை, பித்தளை ஒரு மூலை, வார்ப்பிரும்பு ஒரு மூலை, ஏனென்றால் விலை கிலோவுக்குக் கிலோ வேறு. உலோகவாரியாகப் பிரிப்பது எடை போடுகிறவனுக்கு வேண்டிய ஒழுங்கு. அதை நான் அப்படியே அலமாரிக்குக் கொண்டுபோய்விட்டேன். அது தப்பு என்று எனக்குக் காட்டியவர் கடைக்குச் சாமான் வாங்க வராத ஒருவர்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கேட்டில் பித்தளை டோக்கன் இருக்கும். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை, மேலே ஓட்டை, நடுவில் எண் குத்தியிருக்கும். ஒரு சாக்கு நிறைய அப்படி டோக்கன் எடைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்று சாக்கு கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. தட்டில் கொட்டி, 'ஒன்று ஐம்பது ரூபாய்' என்று எழுதி வைத்தேன். பிள்ளைகள் கையைவிட்டு அளைந்ததோடு சரி. பிறகு ஒரு பலகையில் ஆணி அடித்து எண் வரிசைப்படி மாட்டினேன். விட்டுப்போன எண்ணுக்கு ஆணி மட்டும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மீன் பையோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். பலகையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"இன்னாபா, எல்லாரும் லீவா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எங்க கம்பெனில ரெண்டு பலகை இருக்கும். உள்ள போறவன் இதுலர்ந்து எடுத்து அதுல மாட்டணும். வெளிய போறப்போ அதுலர்ந்து எடுத்து இதுல மாட்டணும். டைம் ஆபீஸ்காரன் பலகையப் பாத்தே எவன் வரலன்னு சொல்லிடுவான். நீ ஒரே பலகையில அத்தினியும் மாட்டி வெச்சிருக்க. அப்போ ஒருத்தனும் வேலைக்கு வரலன்னுதானே அர்த்தம்?"

"ஸ்ட்ரைக்கா இருக்கலாம்ல ஐயா" என்றேன். சிரித்துவிட்டார். "ஸ்ட்ரைக்னா நாங்க டோக்கன கைல வெச்சிக்கினு கேட்டுக்கு முன்னால நிப்போம்" என்றார். அவர் ஒன்றும் வாங்கவில்லை. மீன் கெட்டுவிடும் என்று கிளம்பினார்.

மறுநாளே இரண்டாவது பலகை அடித்தேன். ஒன்றுக்கு மேலே 'வெளியே', இன்னொன்றுக்கு மேலே 'உள்ளே'. கடைக்குள் வருகிறவர்கள் விளையாட்டாக ஒரு டோக்கனை எடுத்து 'உள்ளே' பலகையில் மாட்டிவிட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். போகும்போது எடுத்துத் திருப்பி மாட்டுவார்கள். சிலருக்கு அதைத் திருப்பி மாட்ட மனம் வராது. கல்லாவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். சாக்கில் பாதி அப்படியே தீர்ந்தது. விலையையும் நான் ஏற்றினேன் என்பதைச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

பொருளைப் பொருளோடு வைக்கக் கூடாது, வேலையோடு வைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் மீன் கூடை. ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலியும் கார்பன் தாள் டப்பாவும். பினாங்கு என்று பெயிண்டால் எழுதிய தகர ட்ரங்குப் பெட்டி ஒன்று வந்தது. அதைப் பெட்டிகளோடு அடுக்கியபோது விலை போகவில்லை. 1926இல் கட்டிய ராஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னைத் துறைமுகத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் நடுவே ஓடியது. அதில் போய்வந்த குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ. பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே மடித்த கைலி, ஒரு எனாமல் மக், ஒரு ஜவ்வாது டப்பா வைத்தேன். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. கைலியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போனார்கள். அது என்னுடைய கைலி!

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிவிடுகிறேன். 'ஆன்டிக்' என்றதும் நம் ஆட்களுக்குக் காரைக்குடிதான் ஞாபகம் வருகிறது. பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்குத் தூண், ரவிவர்மா படம். அவை அழகுதான், நானும் விற்கிறேன். ஆனால் அவை வேறு ஊர் வீட்டிலிருந்து லாரியில் வருகின்றன. நம் ஊரிலிருந்து வருவது எல்லாம் நேராகத் தராசுக்குப் போய்விடுகிறது. எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்துதான் ஆரம்பித்தது. அந்தப் பலூன் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ரப்பர் என்பதால் மிஞ்சாது, விடுங்கள். விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி ஐ.டி.சி. கைக்குப் போய்விட்டது. விம்கோ என்ற பெயர் இப்போது ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் நிற்கிறது. கப்பல் படம் போட்ட அதன் தீப்பெட்டி லேபிள்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் அது அலமாரிக்கு அடியில் விரிக்கும் தாளாகக் கிடந்து எனக்குக் கிடைத்தது.

மர பேட்டர்னைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். பவுண்டரியில் இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செதுக்குவார்கள். மண்ணில் அதை அழுத்தி எடுத்தால் குழி விழும், அதில் காய்ச்சிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரத்தை மீட்டருக்கு ஏறக்குறைய பத்து மில்லி கூடுதலாகச் செதுக்க வேண்டும். அதற்கென்றே பேட்டர்ன் தச்சர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கும். அதில் ஓர் அடி என்பது நம் ஓர் அடியைவிட ஒரு நூல் நீளம். அதாவது அந்தக் கோலே ஒரு பொய். ஆனால் அந்தப் பொய்யில்தான் இரும்பு உண்மையான அளவுக்கு வரும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தில் வண்டி உற்பத்தி வளர்ந்த காலத்தில், 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆனது, 1955இல் என்ஃபீல்டு வந்தது, அந்தக் காலத்தில் இப்படிச் செதுக்கிய பல்சக்கரம், கப்பி, மூடி எல்லாம் பட்டறை மூடியதும் விறகுக்குப் போயின. கண்ணால் பார்த்திருக்கிறேன். எடைக்குக்கூட இல்லை, டீக்கடை அடுப்புக்கு.

இப்போது என் கடையின் முன் படியில் நடுவில் இருப்பது ஒரு பல்சக்கர பேட்டர்ன்தான். சிவப்பு வர்ணம், ஒரு பல் உடைந்தது. அதன் பக்கத்தில் ஒரு புல்லட்டின் பெட்ரோல் டேங்க். திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்குக்குத் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுப்பார்கள், ஒரே இழுப்பு. டேங்கை நேராக வைத்தால் அந்தக் கோடு தெரியாது. பல்பு பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி ஒருக்களித்து வைத்தால், கோடு வளைவில் மெலிந்து திரும்பவும் தடிக்கிற இடம் தெரியும். கை மூச்சு விட்ட இடம் அது. வெள்ளை ட்யூப்லைட்டில் இதெல்லாம் செத்துப்போகும். மஞ்சள் பல்பு, தாழ்வாக, ஓரத்திலிருந்து. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை.

காகிதத்துக்கு மட்டும் வெளிச்சமே ஆகாது. தீப்பெட்டி லேபிளின் சிவப்பு ஒரு கோடையில் ரோஸ் ஆகிவிடும். அதனால் வெளியே நகல், உள்ளே டிராயரில் அசல். கேட்கிறவருக்கு எடுத்துக் காட்டுவேன். அவர் உண்மையிலேயே கேட்கிறவர்தானா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பொருளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பொருளில் பல தடவை அதுவே எழுதி வைத்திருக்கும். ரயில்வே கை விளக்கு ஒன்று இருக்கிறது, பச்சை சிவப்புக் கண்ணாடி திருப்புகிற மாதிரி. தகரத்தில் 'எம் அண்டு எஸ்.எம்.' என்று ஆங்கில எழுத்துக் குத்தியிருக்கும். மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே. அந்தக் கம்பெனி 1908இல் உருவாகி 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கரைந்தது. அப்படியென்றால் விளக்கு அந்த நாற்பத்து மூன்று வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் 1922 வரை எங்கே இருந்தது தெரியுமா? இங்கேதான், நம் இராயபுரத்தில். 1856இல் திறந்த நம் ஸ்டேஷன் கட்டடம் இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன்களிலேயே பழையது. பிறகுதான் தலைமையகம் சென்ட்ரல் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனது. விளக்குக்குக் கீழே நான் இதை நாலு வரியில் எழுதி வைத்திருக்கிறேன். விலைச் சீட்டைவிட அந்த நாலு வரியைத்தான் ஆட்கள் நின்று படிக்கிறார்கள்.

எல்லாப் பொருளும் இப்படி நேர்மையாக இருப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டது. அதற்குப் பிறகு வட சென்னையில் எந்த வீட்டுக் கொல்லையில் உருண்டையாக இரும்பு கிடைத்தாலும் அது எம்டன் குண்டுதான். வருஷத்துக்கு இரண்டு பேராவது கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் ஏதோ இயந்திரத்தின் எதிர்எடை, இல்லையென்றால் நங்கூரச் சங்கிலியின் துண்டு. ஒருவர் கொண்டுவந்ததை வாங்கி, படியில் வைத்து, 'எம்டன் குண்டு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட இரும்பு' என்று எழுதினேன். அதை வாங்கியவர் சீட்டையும் சேர்த்துக் கேட்டார். வடக்கே ரூர்க்கியிலும் மொரதாபாத்திலும் இப்போது செய்து, ஆசிட் போட்டுக் கறுக்க வைத்து, லண்டன் பெயர் பொறித்து அனுப்புகிற பித்தளைத் திசைகாட்டியும் தொலைநோக்கியும் எங்களிடமும் உண்டு. அதற்குத் தனி அலமாரி, 'புதுசு' என்று பெரிய எழுத்தில் போர்டு. வியாபாரிகள் சிலர் என்னைத் திட்டினார்கள். விற்பனை குறையவில்லை. பிறந்தநாள் பரிசுக்கு வாங்குகிறவர்களுக்குப் புதுசு என்பதில் வருத்தமே இல்லை.

தூசியைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் எந்தக் கடையைப் பற்றியும் பேச முடியாது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலத்தில் காலையில் துடைத்த அலமாரியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011 அக்டோபரில் அது நின்றது. தூசி குறைந்தது, உப்புக் காற்று குறையவில்லை, குறையவும் குறையாது. கடலிலிருந்து வருகிற உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பு கலந்த உலோகத்தில் உட்கார்ந்தால் வெளிர்பச்சையாக மாவு மாதிரி பூக்கும். அதைத் தட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெண்கலத்துக்கு வருகிற நோய் என்றே அதைச் சொல்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே இதற்கென்று வேதியியல் கூடம் வைத்து, எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் பழைய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார். அந்த வேலை நம் கையில் இல்லை. நம்மால் ஆனது, ஈரத் துணி போடாமல் இருப்பது. பழைய பனியன் துணி, காய்ந்தது, மெதுவாக. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாமான்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற சாக்கும் இந்தக் காட்சி மாற்றத்தில்தான் கிடைக்கிறது. அசையாமல் வைத்த சாமானின் முதுகுப் பக்கம் என்ன ஆகிறது என்று யாருக்குத் தெரியும்?

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். சமைக்கிற பாத்திரம் என்றால் தாராளமாக. எண்பது வருஷத்துக் குத்துவிளக்கு என்றால் வேண்டாம் அம்மா. அந்தக் கருமை வருவதற்கு எண்பது வருஷம் ஆகியிருக்கிறது, போவதற்குப் பத்து நிமிஷம். கடைப் பையன் ஒருவன் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எனக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று முழு அலமாரியையும் பளபளக்க வைத்துவிட்டான். அடுத்த மாதம் பூராவும் வந்தவர்கள் எல்லாம் பித்தளை கிலோ என்ன விலை என்று கேட்டார்கள்.

தண்ணீருக்கும் இடம் ஒதுக்கித்தான் அடுக்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தட்டு முழுக்க மூழ்கியது. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகு, வலை, சுவர் எல்லாம் கறுப்பாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுக்கு வந்தது வெறும் தண்ணீர். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே வார்ப்பிரும்பும் கல்லும் எனாமலும்தான். காகிதமும் படமும் வானொலிப் பெட்டியும் மேலே.

பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும் இல்லையா, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் வந்த காலத்தில் தெருத்தெருவாக வந்து பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுத் தட்டு, டம்ளர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு அண்டாவும் குடமும் அப்படித்தான் வெளியேறின. எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக யாரோ ஒருவர் பெயர், சிலவற்றில் கல்யாணத் தேதி. அப்பா தன் கடையில் வாசலில் அடுக்கும்போது பெயர் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், "கொடுத்தவங்க இந்த வழியாத்தான போவாங்க" என்பார். எனக்கு அது அப்போது புரியவில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் பெயர் இருக்கிற பக்கத்தைத்தான் முன்னால் கேட்கிறார்கள். பெயர் இருந்தால் விலை கூட.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், ஐ.டி. வேலை. அவன் பாட்டி பெயர் வெட்டிய சொம்பு வேண்டும் என்றான். வீட்டில் இருந்தது எப்போதோ எடைக்குப் போய்விட்டதாம். நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். அதே பெயரில் ஒன்று கிடைத்தது, ஆனால் இன்ஷியல் வேறு. தம்பி, இது வேறு யாரோ வீட்டுச் சொம்பு என்றேன். "பரவால்ல அண்ணா, பேர் ஒண்ணுதானே" என்று வாங்கிப் போனான். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் இப்போதும் பெயரைச் சுவர்ப் பக்கமே திருப்பி வைக்கிறேன். கேட்டால் காட்டுவேன்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 1972இல் போட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிற்பம், உலோகப் பொருள் போன்றவை தொல்பொருள், ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்தே வருஷம். அதை விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. கோயில் சாமான் என்று சந்தேகம் வந்தால் நான் கையால் தொடுவதுகூட இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் படியில் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிட்டால் மட்டும் கடை ஆகிவிடாது. 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டில் கால் வலிக்க நடந்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது. 1985 மே 30இல் அது எரிந்தது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மூர் மார்க்கெட்டில் என்ன அலங்காரம் இருந்தது? தரையில் கோணி, கோணி மேல் குவியல். ஆனாலும் கிளறுகிற சுகம் ஒன்று இருந்தது. தானே தோண்டிக் கண்டுபிடித்ததை மனிதன் பேரம் பேசாமல் வாங்குவான், கடைக்காரனுக்கு இதன் மதிப்பு தெரியவில்லை என்ற திருட்டுச் சந்தோஷம் வேறு. அதனால் என் கடையில் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு மரத் தொட்டி. சாவி, கொக்கி, பொத்தான், மை பாட்டில், கோலி சோடாவின் குண்டு, பாக்குவெட்டியின் ஒரு பாதி. எதை எடுத்தாலும் இருபது ரூபாய். வாரத்துக்கு ஒருமுறை அதில் கொஞ்சம் நல்ல சரக்கை நானே ஒளித்து வைப்பேன். இதை இங்கே சொல்லியிருக்கக் கூடாது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் படியை மாற்றும்போது எல்லாம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். போன தடவை பழைய எடைக்கற்களை முன்னால் கொண்டுவந்தேன். கிலோ கட்டாயமானபோது சேர், வீசை, பலம் எல்லாம் செல்லாமல் போய், அந்த எடைக்கல்லையே எடை போட்டு வாங்கிய கடை எங்களுடையது. அதில் தப்பித்தது சில. நடுவில் ஒரு வீசைக் கல், அறுகோணம், மேலே கைப்பிடி வளையம். அதற்குப் பின்னால் மஞ்சள் பல்பு. 'ஒரு வீசை, 1,400 கிராம்' என்று எழுதி வைத்தேன்.

பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். என்ன விலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கல்லை வாங்கி, பழக்க தோஷத்தில் எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். எண் ஓடி நின்றது. ஒன்று புள்ளி மூன்று எட்டு பூஜ்ஜியம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இருவது கிராம் குறையுதும்மா" என்றார். "எவனோ ராவியிருக்கான்."